ஆறாவது வார்த்தைக்கு அப்புறம்

இல்ல, என்னை யெஹூதிஸ்னு கூப்பிடாதீங்க. ஜூடின்னு கூப்பிடுங்க, ஊரே அப்படித்தான் கூப்பிடுது. பள்ளிக்கூடத்து கிச்சன்ல ஜூடி, பஸ்ல ஜூடி, பல் டாக்டர்கிட்ட ஜூடி. செத்துப்போன என் வீட்டுக்காரருக்குக்கூட ஜூடிதான். யெஹூதிஸ்னு முழுசா கூப்பிட்டது ஒரே ஒரு ஆளு. அந்த ஆளைத் திங்கக்கிழமை மண்ணுல இறக்கியாச்சு. உங்ககிட்ட என்னைப் பத்திப் பேசறப்போ அந்தப் பேரைச் சொல்லியிருப்பான், சரி. அதுக்காக நீங்க எடுத்துக்கலாம்னு இல்ல.

உக்காருங்க. ஐயோ, அந்தக் குட்டை ஸ்டூல்ல இல்ல. அது ரத்த உறவுக்கு. நீங்க நாற்காலியில உக்காருங்க மிஸ்டர் ரெம்பெல். பாஸ்டர் ரெம்பெல். ரபின்னு மட்டும் கூப்பிடச் சொல்லாதீங்க, என் நாக்கு அதுக்கு வளையாது. ஸ்டைன்பாக்ல பன்னி வளர்த்த மென்னோனைட் கிறிஸ்தவக் குடும்பத்துல பொறந்துட்டு, எங்க யூத ஆளுங்களை விட அழகா தொப்பி வெச்சிருக்கீங்க. இடுப்புல நூல் குஞ்சம் வேற தொங்குது. என் தம்பி அன்ஷெல் கட்டிக் குடுத்தானா? அதானே பாத்தேன். முடிச்சு போடத் தெரியாது அவனுக்கு, மூணாவது எப்பவும் லூஸாத்தான் இருக்கும்.

துக்க வீட்டு விதி தெரியும்ல? தெரியும், உங்களுக்குத்தான் எங்க விதியெல்லாம் எங்களை விட நல்லாத் தெரியுமே. துக்கத்துல இருக்கறவங்க வாயைத் திறக்கற வரைக்கும் வந்தவங்க பேசக் கூடாது. நீங்க வாசல்ல ஷூவுல இருந்து பனியைத் தட்டறப்பவே கேட்டுட்டீங்க, அன்ஷெல் கடைசியா என்ன சொன்னார்னு. அது தப்பு. இப்போ சும்மா உக்காருங்க, நான் வாயைத் திறக்கற வரைக்கும் நீங்க பேசக் கூடாது. இப்போ பேசறது கணக்குல வராது. இது திட்டு.

மேஜை மேல என்ன அது? நீங்க கொண்டு வந்த பொட்டலம். பிரிச்சுப் பாத்தேன். சல்லா ரொட்டி! இன்னைக்குப் புதன்கிழமை. வெள்ளிக்கிழமைக்குப் பின்ற ரொட்டியைப் புதன்கிழமை துக்க வீட்டுக்கு எவனாவது கொண்டு வருவானா? நல்ல மனசோடதான் கொண்டு வந்திருப்பீங்க, தெரியுது. உங்க நல்ல மனசைப் பாத்துப் பாத்துத்தான் எனக்கு ரத்தம் கொதிக்குது. அதுலயும் பாருங்க, மூணு புரிப் பின்னல். போன வருஷம் அன்ஷெல் இதே மாதிரி ஒண்ணை இதே மேஜையில வெச்சு, பாரு யெஹூதிஸ், புரி மூணு, ரொட்டி ஒண்ணு, ஆண்டவனும் அப்படித்தான்னான். நான் அந்த வெள்ளிக்கிழமை பின்னதைக் கொண்டாந்து பக்கத்துல வெச்சேன். நான் எப்பவும் ஆறு புரி பின்றவ. எண்ணுடா, அப்போ ஆறு ஆண்டவனான்னு கேட்டேன். சிரிச்சான் பாருங்க, டீ மூக்கு வழியா வந்துடுச்சு. சிரிச்சானே தவிர மாறல.

அந்தக் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கறீங்களே, அது அவன் கடைக் கண்ணாடிதான? செல்கர்க் அவென்யூ கடையில முப்பது வருஷம் கண்ணாடி வித்தான், எத்தனையோ பேர் மூக்கு மேல உக்கார வெச்சிருக்கான், யாரும் அவன் தலை மேல உக்காரல. நீங்க ஒரு உடைஞ்ச காம்பைத் தூக்கிக்கிட்டு வந்தீங்க. அவன் பொண்டாட்டி போய் எட்டு மாசம். வீட்டுக்குப் போகப் பிடிக்காம கடையிலயே கெடந்தான். நீங்க காம்பு ஒட்டற வரைக்கும் உக்காந்து பேசினீங்க. ஒரு காம்பு ஒட்ட பத்து நிமிஷம் ஆகும் பாஸ்டர். நீங்க சாயங்காலம் வரைக்கும் இருந்தீங்களாம். நான் அவனோட அக்கா, நாலு தெரு தள்ளி இருக்கேன். நான் பத்து நிமிஷம்கூட உக்காரல, வாசல்ல சாப்பாட்டு டப்பாவை வெச்சிட்டு ஓடிடுவேன். அது வேற விஷயம். அதை விடுங்க.

எங்க அப்பா சின்ன வயசுல எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சு எழுதச் சொல்லுவார், அந்த ஆறு வார்த்தையை. ஷெமா, அவர் தினமும் சொல்ற ஜெபம். நீங்களும் சொல்றீங்க, தெரியும், உங்க சபை கூடற பழைய கார்ப்பெட் கடையில சனிக்கிழமை காலையில கிட்டாரோட. ஆறு வார்த்தை. ஆறாவது எஹாத். ஒருத்தன். ஆண்டவன் ஒருத்தன். அந்த வார்த்தையோட கடைசி எழுத்து தாலெத், அதுக்குப் பின்னாடி ஒரு சின்ன மூலை துருத்திக்கிட்டு நிக்கும். அந்த மூலையை மழுக்கிட்டா வேற எழுத்து ஆயிடும், வார்த்தையும் மாறிடும். ஒருத்தன் போய் இன்னொருத்தன் ஆயிடும். அதனாலதான் வேதச் சுருள்ல அந்த எழுத்தைக் கொட்டை எழுத்துல எழுதி வெச்சிருக்கு. அன்ஷெலுக்கு ஆறு வயசு. அவசரக்குடுக்கை. மூலையை உருட்டிட்டான். ஆண்டவன் இன்னொருத்தன்னு எழுதி, அப்பாகிட்ட நீட்டறான், பல்லு வேற இல்ல, சிரிப்பு. அப்பா அடிக்கல. எங்க அப்பா யாரையும் அடிச்சதில்ல. அந்தத் தாளை மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு, ஒரு மூலைதாண்டா, அதுக்காக எத்தனை பேர் செத்திருக்காங்க தெரியுமான்னார். ஆறு வயசுல பண்ண தப்பை எங்க தம்பி அம்பத்திநாலு வயசுல திரும்பப் பண்ணான். இந்தத் தடவை தாளை மடிச்சு வெக்க அப்பா இல்ல.

உங்களுக்குத் தெரியுமா, நான் அவனுக்குத் துக்கம் உக்கார்றது இது ரெண்டாவது தடவை. சொல்லியிருக்கானா? சொல்லியிருப்பான், அவனுக்கு அது ஒரு பெரிய ஜோக். நாலு வருஷம் முன்னாடி உங்க கார்ப்பெட் கடையில ஞானஸ்நானம்னு அவனைத் தண்ணியில முக்கி எடுத்தீங்களே, அந்த வாரம். அந்தக் காலத்துல அப்படித்தான் செய்வாங்க, மாறிப் போனவன் செத்ததுக்குச் சமம். இப்பல்லாம் யாரும் செய்யறதில்ல. நான் செஞ்சேன். காலரைக் கிழிச்சேன், முகம் பாக்கற கண்ணாடிக்குத் துணி போட்டேன், இதே ஸ்டூல்ல உக்காந்தேன். மொத நாள் சாயங்காலம் கதவு தட்டுது. திறந்தா அன்ஷெல். கையில துக்க வீட்டுக்குன்னு அவிச்ச முட்டை ஒரு தட்டு. யார் போயிட்டாங்கன்னு எட்டிப் பாக்கறான். நான் அவனையே பாத்தேன். அவனுக்குப் புரிஞ்சிடுச்சு. முட்டையை மேஜையில வெச்சான், இப்போ நீங்க உக்காந்திருக்கீங்களே அதே நாற்காலியில உக்காந்தான், ஒரு வார்த்தை பேசல. துக்கக்காரங்க வாயைத் திறக்கலையே, எப்படிப் பேசறது! ஒரு மணி நேரம் கழிச்சுப் போனான். மறுநாளும் வந்தான். தன்னோட சாவுக்குத் தானே வந்து துக்கம் விசாரிச்சிட்டுப் போறான், தினமும், கடையை மூடிட்டு. ஏழாவது நாள் இருமல் அவனுக்கு, கர்ரு கர்ருன்னு. எனக்குத் தாங்கல. டேய் சனியனே, டீ குடிக்கிறியான்னு கேட்டுட்டேன். சரி யெஹூதிஸ், சர்க்கரை கம்மியான்னான். அதோட என் ஏழு நாள் துக்கம் நாசமாப் போச்சு.

அதுக்கப்புறம் நாலு வருஷம் இந்த மேஜையிலதான் சண்டை. வாரா வாரம் செவ்வாய்க்கிழமை. நீங்க அவனுக்கு ஒரு சின்ன நோட்டீஸ் குடுத்திருந்தீங்களே, ஓடு, வெள்ளைக்கரு, மஞ்சக்கரு, மூணும் சேந்து ஒரு முட்டைன்னு படம் போட்டு? அதை என்கிட்ட கொண்டாந்து காட்டினான். என்கிட்ட! பொம்பளைப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்து கிச்சன்ல ஒரு நாளைக்கு இருநூறு முட்டை உடைச்சு, எங்க விதிப்படி ஆகாத ரத்தப் பொட்டு இருக்கான்னு ஒவ்வொண்ணாப் பாக்கறவ நான். அன்ஷெல், நான் ஓட்டைக் குப்பையில போடறேன், உங்க மூணுல எதைக் குப்பையில போடறதுன்னு கேட்டேன். அந்த நோட்டீஸ் அப்புறம் வரல. நீங்க சிரிக்காதீங்க. அது உங்களுக்குச் சொன்ன ஜோக் இல்ல.

முட்டையை விட்டான். வார்த்தையைப் பிடிச்சான். எஹாத்னா வெறும் ஒண்ணு இல்ல யெஹூதிஸ், சாயங்காலமும் காலையும் சேந்து ஒரு நாள்னு மொதல் பக்கத்துலயே இருக்கு, புருஷனும் பொண்டாட்டியும் சேந்து ஒரே உடம்புன்னு இருக்கு, அங்கயும் இதே வார்த்தைதான், ஒண்ணுக்குள்ள ஒண்ணுக்கு மேல இருக்கலாம்னான். நான் விடுவேனா. ஆபிரகாமையும் எஹாத்னு ஒரு இடத்துல சொல்லியிருக்கு, அவருக்குள்ள எத்தனை பேர்டா ஒளிஞ்சிருந்தாங்கன்னு கேட்டேன். யோசிச்சான். அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து, பெய்லா உன் வயித்துல இருந்தப்போ நீ ஒருத்தியா ரெண்டு பேரான்னான். ரெண்டு பேர், என் இடுப்பைக் கேளு, அது சொல்லும்னேன். இப்படியே போகும். அவன் கண்ணாடிக்காரன் புத்தி, ரெண்டு கண்ணு, பார்வை ஒண்ணும்பான். ஒரு கண்ணை மூடிட்டாலும் பார்வை ஒண்ணுதாண்டா, எதுக்கு உனக்கு இன்னொண்ணும்பேன்.

ஒரே ஒரு தடவைதான் மாட்டிக்கிட்டேன். சொல்றேன், ஏன்னா இதை வெச்சுத்தான் நீங்க உங்க ஆளுங்ககிட்டப் பேசுவீங்க, பேசறதா இருந்தா சரியாப் பேசுங்க. மோசே முன்னாடி முள்ளுச் செடிக்குள்ள தீயா இறங்கத் தெரிஞ்ச ஆண்டவருக்கு மனுஷனுக்குள்ள இறங்கத் தெரியாதான்னு கேட்டான். நான் சொன்னேன், தெரியும், அவரால முடியாததுன்னு ஒண்ணும் இல்ல, அது இல்ல கேள்வி. தீ அணைஞ்சா செடி செடிதான். மோசே அந்தச் செடியைப் பிடுங்கிட்டு வந்து வீட்டுல வெச்சுக் கும்பிடல. காலும் கையும் கால் நகமும் இருக்கற ஒருத்தரைப் போய், பசிக்குது தூக்கம் வருதுன்னு சொன்ன ஒருத்தரை, வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர்னு சொன்னா, அப்புறம் நமக்கும் கல்லைக் கும்பிடறவனுக்கும் என்னடா வித்தியாசம், நாலாயிரம் வருஷமா எதுக்குடா நம்மளை அடிச்சாங்கன்னு கத்தினேன். பக்கத்து வீட்டுல செவுத்தைத் தட்டினாங்க. அன்ஷெல் கத்தல. அந்தச் செடி முன்னாடி மோசே செருப்பைக் கழட்டினார்ல, நானும் அவ்வளவுதான் யெஹூதிஸ், செருப்பைக் கழட்டினேன், எனக்கு ரெண்டு ஆண்டவன் இல்ல, ஒருத்தன்தான், அவர் கிட்ட வந்தார், அவ்வளவுதான்னான். மறுநாள் கிச்சன்ல முட்டை உடைக்கறப்போ அதையே நெனச்சுக்கிட்டு ரத்தப் பொட்டு இருந்த ஒண்ணைக் கவனிக்காம விட்டுட்டேன், முழு வாளி மாவையும் கொட்ட வேண்டியதாப் போச்சு. முப்பத்தோரு வருஷத்துல மொத தடவை. அதையும் உங்க தலையிலதான் போடறேன்.

பதில் இல்லாட்டி என்ன, கோபம் இருந்துச்சு. எங்க அப்பாவோட அப்பாவை எப்படிக் கொன்னாங்கன்னு சொல்லியிருக்கானா உங்ககிட்ட? உக்ரைன்ல. ஈஸ்டர் வாரம். கோயில்ல இருந்து நேரா வந்தாங்க, சிலுவையைத் தூக்கிக்கிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டு. அப்பாவுக்கு அப்போ நாலு வயசு, மாவு டின்னுக்குள்ள இருந்தார். யார் பேரைச் சொல்லிக்கிட்டு வந்தாங்க? நீங்க இயேசுவை யேஷுவா, யேஷுவான்னு சொல்றீங்க, எங்க பாஷைப் பேரு, காதுக்கு இனிமையா இருக்கு. அந்த மாவு டின்னுக்குள்ள வேற மாதிரிக் கேட்டுச்சு பாஸ்டர். இதை அன்ஷெல்கிட்டச் சொன்னேன். என்ன சொன்னான் தெரியுமா? அவர் அந்தக் கூட்டத்துல இல்ல யெஹூதிஸ், வீட்டுக்குள்ள தாத்தா பக்கத்துல இருந்தார், அவரும் யூதர்தானே, அவரையும்தான் அடிச்சாங்கன்னான். தட்டை எடுத்துச் செவுத்துல அடிச்சேன். அதோ, அந்தக் காலண்டருக்குப் பின்னாடி. இன்னும் கறை போகல. வெளிய போடான்னேன். போனான். அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு புதுத் தட்டு வாங்கிக்கிட்டு வந்தான்.

மணி என்ன? மூணேகாலா? நாலு மணிக்குப் பத்து பேர் தொழுகைக்கு வருவாங்க, ரபி பின்ஸ்கரும் வருவார். அதுக்குள்ள நீங்க கிளம்பிடணும். உங்களை இங்க பாத்தா அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார், நல்ல மனுஷன். ஆனா யோசிக்க ஆரம்பிச்சிடுவார். அவர் யோசிக்கக் கூடாது.

ஏன்னா கேளுங்க. கணையத்துல கேன்சர்னு டாக்டர் சொன்ன அன்னைக்கு அன்ஷெல் என்கிட்ட ஒண்ணுதான் கேட்டான். என்னை அம்மா பக்கத்துல போடு யெஹூதிஸ். மருந்து பத்திக் கேக்கல, கடை பத்திக் கேக்கல. அம்மா பக்கத்துல இருக்கற இடம் அவனுக்குன்னு அப்பா வாங்கி வெச்சது. நான் அடக்கச் சங்கத்துக்குப் போனேன். அவங்க ரபியைக் கேளுன்னாங்க. ரபி பின்ஸ்கர் தாடியை உருவிக்கிட்டு, ஜூடி, யூதனாப் பொறந்தவன் யூதன்தான், புதைக்க மாட்டேன்னு நான் சொல்லல, ஆனா வரிசைக்குள்ள முடியாது, வேலி ஓரமாத்தான்னார். வேலி ஓரம்னா யார் தெரியுமா? பேர் தெரியாதவங்க. பக்கத்துலயே லாரி போற ரோடு. அழுதேன். நான் அழமாட்டேன் பாஸ்டர், வெங்காயத்துக்கே அழமாட்டேன். அவர் பாத்துட்டு, திரும்பிட்டேன்னு ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லச் சொல்லுன்னார்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டேய், ஒரு வார்த்தைடா. சும்மா சொல்லு. உள்ள நீ என்ன வேணாலும் நெனச்சுக்கோ. தலையாட்டல. பொய் சொல்லிட்டு அம்மா பக்கத்துல படுக்கணுமா, அம்மா கண்டுபிடிச்சிடுவாங்களேன்னு சிரிக்கிறான், மஞ்சளா, உதடெல்லாம் வெடிச்சுப் போய். அப்புறம், ஷெமா சொல்றேன், அது பொய் இல்ல, நான் தினமும் சொல்றதுதான்னான். அதைப் போய் ரபிகிட்டச் சொன்னேன். தினமும் சொல்றதுங்கறதைச் சொல்லல. அவர், ஒரு யூதன் அந்த ஆறு வார்த்தையோட போனா, எஹாத்தோட மூச்சு நின்னா, அதுக்கு மேல கேக்க எனக்கு அதிகாரம் இல்ல, ஆனா அதுதான் கடைசியா இருக்கணும் ஜூடி, அதுக்கு அப்புறம் வேற பேரு வரக் கூடாதுன்னார்.

இப்போ புரியுதா நீங்க வாசல்ல என்ன கேட்டீங்கன்னு? உங்களுக்குச் சனிக்கிழமை கார்ப்பெட் கடையில எந்திரிச்சு நின்னு, நம்ம சகோதரர் அன்ஷெல் கடைசி மூச்சுல ஆண்டவர் பேரைச் சொன்னார்னு சொல்லணும். எல்லாரும் கையைத் தட்டணும். இல்லையா? அதுக்கு இல்லையா? பின்ன எதுக்கு? தலையை ஆட்டறீங்க. கண்ணு கலங்குது உங்களுக்கு. கலங்கட்டும். சரி, ஒத்துக்கறேன், ஆஸ்பத்திரியில நான் இல்லாத நேரத்துல நீங்க வந்து அவன் காலைப் பிடிச்சு விட்டீங்கன்னு நர்ஸ் சொன்னா. அதுக்கு நன்றி சொல்லணும். சொல்ல வரல. அப்புறம் சொல்றேன்.

உங்க சபையில அவன் ஷெமா சொன்னான்னு மட்டும் வெளிய யாருக்கும் சொல்லாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்னு வெச்சுக்கோங்க. நாலு வருஷமா அவன் அதையும் சொல்லி இதையும் சொல்லியிருக்கான்னு தெரிஞ்சா, அந்த ஆறு வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு ரபி மறுபடி உக்காந்து யோசிப்பார். தோண்டி எடுக்க மாட்டாங்க. ஆனா கல்லு வெக்க விடுவாங்களா, தெரியாது. பேரில்லாம கெடப்பான், அம்மா பக்கத்துல, பேரில்லாம.

ரபி கேட்டார், கடைசி வார்த்தை என்னன்னு. எஹாத்னு சொன்னேன். பொய் இல்ல. இந்தக் கிழிஞ்ச காலர் மேல சத்தியமாப் பொய் இல்ல. உங்களுக்கும் அதே பதில்தான். எஹாத்.

ஏன் எந்திரிக்கறீங்க? நான் போகச் சொல்லலையே. இன்னும் முப்பது நிமிஷம் இருக்கு. உக்காருங்க.

ஞாயித்துக்கிழமை மத்தியானம். சூப் குடுக்கப் போனேன், குடிக்கற நெலமையில இல்ல. மூச்சு ஒண்ணு வரும், ரொம்ப நேரம் வராது, அப்புறம் ஒண்ணு வரும். நர்ஸ் என் தோளைத் தொட்டுட்டு வெளிய போயிட்டா. அவன் கண்ணைத் திறந்து பாத்தான், வலது கையைத் தூக்கப் பாத்தான். ஷெமா சொல்றப்போ கண்ணைக் கையால மூடிக்கணும், உங்களுக்குத் தெரியும். கை எழும்பல. அதனால நான் என் கையை அவன் கண்ணு மேல வெச்சேன். இந்தக் கை. வெங்காய நாத்தம் அடிச்சிருக்கும். சொல்ல ஆரம்பிச்சான். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு. அஞ்சாவது வரைக்கும் நானும் கூடச் சொன்னேன், ஆறாவதை அவன் தனியாச் சொன்னான். எஹாத்த்த். கடைசி எழுத்தை இழுத்தான், அப்பா சொல்லிக் குடுத்த மாதிரி, அந்த மூலை மழுங்காம. அம்பத்தெட்டு வயசுல சரியா எழுதிட்டான். நான் மனசுக்குள்ள, போதும், நிறுத்திக்கோடா, இதோட நிறுத்திக்கோன்னு வேண்டிக்கிட்டேன். தம்பி சாகணும்னு வேண்டிக்கிட்டேன் பாஸ்டர், அந்த நிமிஷத்துல, அந்த வார்த்தையில.

நிக்கல. இன்னொரு மூச்சு வந்துச்சு. உதடு திறந்துச்சு. யே...ன்னான்.

கை தானா இறங்கிடுச்சு. கண்ணுல இருந்து வாய்க்கு. எவ்வளவு தூரம், நாலு விரக்கடை. அழுத்தல. அப்படிப் பாக்காதீங்க, நான் அழுத்தல, வெச்சேன், அவ்வளவுதான், அவனுக்கு அதுக்கு மேல மூச்சும் இல்ல. மிச்சத்தை என் உள்ளங்கையில சொன்னான். உதடு அசைஞ்சது தெரிஞ்சுது. என்ன சொன்னான்னு தெரியல.

மூணு நாளா இந்தக் கையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்க அவரை யேஷுவாங்கறீங்க. அவன் என்னை யெஹூதிஸ்னுதான் கூப்பிடுவான். ரெண்டும் எங்க பாஷையில அதே குட்டி எழுத்துலதான் ஆரம்பிக்குது.

ம். நான் வாயைத் திறந்துட்டேன் பாஸ்டர். இப்போ நீங்க பேசலாம்.